ஒயர் காயிலைத் தராசில் வைத்தால்: செம்பு, அலுமினியம், செம்பு பூசிய அலுமினியம்

90 மீட்டர் காயிலைக் கையில் தூக்கிப் பார்த்தே "இது சரக்கு, இது டுபாக்கூர்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஏமாற்றுபவர்கள் பிழைக்கிறார்கள்.

வீட்டு வயரிங்கில் எடை எதற்காக முக்கியம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். சுவருக்குள் பைப்பில் கிடக்கும் ஒயர் எத்தனை கிலோ என்பதைப் பற்றிச் சுவருக்குக் கவலை இல்லை. மின்கோபுரங்களுக்கு இடையே தொங்கும் கம்பிக்கும் விமானத்துக்கும்தான் அந்தக் கவலை. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஒயரின் ஒரு பகுதியை அலுமினியத்தில் போட்டதே எடையைக் குறைக்கத்தான். வீட்டில் எடை சொல்லும் சேதி வேறு: நாம் கொடுத்த காசுக்கு எவ்வளவு உலோகம் கைக்கு வந்தது என்பது.

கணக்கு எளிது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பு கிட்டத்தட்ட 8.9 கிராம், அலுமினியம் 2.7 கிராம். 1 சதுர மி.மீ. குறுக்களவு உள்ள செம்புக் கம்பி மீட்டருக்கு 8.9 கிராம் வரும். இதை வைத்து 90 மீட்டர் காயிலுக்குப் போட்ட கணக்கு இது. மொத்த எடையில் மேலே இருக்கும் பி.வி.சி. உறையும் அடக்கம். உறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அட்டவணையின் கடைசி நெடுவரிசையைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

| அளவு (சதுர மி.மீ.) | செம்பு மட்டும் | காயில் மொத்தம் |
|---|---|---|
| 1 | 0.8 கிலோ | 1.3 – 1.4 கிலோ |
| 1.5 | 1.2 கிலோ | 1.8 – 1.9 கிலோ |
| 2.5 | 2.0 கிலோ | 2.9 கிலோ |
| 4 | 3.2 கிலோ | 4.3 கிலோ |

இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு 1-ல் ஆறு காயில், 1.5-லும் 2.5-லும் நான்கு நான்கு, 4-ல் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். செம்பு மட்டுமே 24 கிலோ. ஒயர் பில் ஏன் அப்படி எகிறுகிறது என்பதற்கு இதுதான் பதில். நீங்கள் வாங்குவது பெரும்பாலும் செம்பு, மற்றதெல்லாம் மேற்பூச்சு.

சரி, இதே வேலையை அலுமினியத்தில் செய்தால்? அலுமினியம் செம்பைப்போல் 61 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அதனால் 1.5 செம்பு இருக்கும் இடத்தில் 2.5 அலுமினியம் வேண்டும். அப்படிப் பருமனாகப் போட்டும் எடை பாதிதான் வரும்: மீட்டருக்குச் செம்பு 13 கிராம் என்றால் அலுமினியம் 7 கிராமுக்குள். கிலோ விலையிலும் செம்பைவிட அலுமினியம் பல மடங்கு மலிவு. கணக்கைப் பார்த்தால் அலுமினியம்தான் ஜெயிக்க வேண்டும். அமெரிக்காவில் 1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியபோது இதே கணக்கைத்தான் போட்டார்கள். 1965 முதல் 1973 வரை கட்டிய வீடுகள் ஏராளமானவற்றில் அலுமினிய ஒயரை ஓட்டினார்கள். பிறகு அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்ன சேதி: 1972-க்கு முன் தயாரான அலுமினிய ஒயர் உள்ள வீடுகளில் ஏதாவது ஓர் இணைப்பாவது தீப்பிடிக்கும் நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு, செம்பு வீடுகளைவிட 55 மடங்கு அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது "இணைப்பு". ஒயரின் நடுவில் கோளாறு இல்லை, சுவிட்ச் திருகில்தான். அலுமினியம் சூடானால் செம்பைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகியும் கொடுக்கும். காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். இறுக்கிவிட்ட திருகு சில வருடத்தில் லூசாகும், அங்கே சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் லூசாகும். நம் ஊரிலும் பழைய வீடுகளில் தேக்குப் பட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய அலுமினிய ஒயர் இன்னும் இருக்கிறது. சுவிட்ச்போர்டைக் கழற்றினால் கருகிய முனைகளைப் பார்க்கலாம்.

ஆகவே வீட்டுக்குள் லைட், ஃபேன், பிளக்குகளுக்குப் போகும் பாயின்ட் வயரிங்குக்கு அலுமினியம் வேண்டாம் என்பதே என் கட்சி. அதற்காக அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயர், தோட்டத்து மோட்டாருக்குப் போகும் நீள ஓட்டம் போன்ற இடங்களில் இணைப்புகள் இரண்டே இரண்டு. அங்கே 10, 16 சதுர மி.மீ. அலுமினியக் கேபிள் நியாயமான தேர்வு. செம்போடு சேரும் முனையில் இரு உலோக லக் (ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமும் உள்ள இணைப்பு முனை) போட்டு நன்றாக அழுத்திவிட்டால் போதும். இரண்டையும் நேராக முறுக்கி டேப் சுற்றினால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

மூன்றாவது ஆள்தான் ஆபத்தானவர்: செம்பு பூசிய அலுமினியம், கடைத்தெருவில் சி.சி.ஏ. என்பார்கள். கவரிங் நகை மாதிரி, மேலே மெல்லிய செம்பு, உள்ளே அலுமினியம். இதற்கென்று முறையான பயன்கள் உண்டு. ஆனால் வீட்டு ஒயராகச் செம்பு என்ற பெயரில் வரும்போது அது மோசடி. 10 சதவீதம் செம்பு பூசிய கம்பியின் அடர்த்தி சுமார் 3.3தான். 1.5 காயிலில் 1.2 கிலோ இருக்க வேண்டிய உலோகம் அரை கிலோகூட வராது. கடத்தும் திறனும் அதற்கேற்பக் குறையும்: 2.5 என்று அச்சிட்ட சி.சி.ஏ. ஒயர், செம்புக் கணக்கில் 1.6-க்குச் சமம். நாமோ 2.5 என்று நம்பி 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) போட்டிருப்போம். ஒயர் சூடாகிக்கொண்டிருக்கும், எம்.சி.பி. தன் பங்குக்குச் சும்மா இருக்கும், ஏனென்றால் அதன் அளவில் எதுவும் மீறவில்லை. நேர்மையாக அலுமினியம் என்று சொல்லி விற்கும் ஒயரே இதைவிட மேல், அதற்கேற்றபடி எம்.சி.பி.-யையாவது குறைத்துப் போட்டிருப்போம்.

இங்கேதான் கையில் தூக்கிப் பார்க்கும் வித்தை பாதி வழியில் நின்றுவிடுகிறது. சி.சி.ஏ. காயில் பொதுவாகக் கைக்கே லேசாகத் தெரியும். ஆனால் பி.வி.சி.-யில் சுண்ணாம்புத் தூளை அதிகம் கலந்து, உறையையும் தடிப்பாக்கினால் எடை ஏறிவிடும். அந்தத் தூளின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியேதான், விலை மட்டும் மண் விலை. உறை தடித்த ஒயரைப் பார்த்து "கனமான ஒயர்" என்று நம்பி வாங்குபவர்கள் அதிகம். இன்னொரு தந்திரம் நீளம்: 90 என்று எழுதிய காயிலில் 85 மீட்டர் இருக்கும், எடை அதற்கேற்பக் குறையும். ஒயர் மேல் மீட்டர் எண் வரிசையாக அச்சிட்டிருந்தால் இதைப் பிடிப்பது சுலபம்.

காயிலை முழுசாக நிறுப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. வாங்கிய காயிலிலிருந்து சரியாக ஒரு மீட்டர் வெட்டி, உறையை உரித்து, கம்பியை மட்டும் நகைக்கடைத் தராசு மாதிரி கிராம் துல்லியமாகக் காட்டும் ஒன்றில் வையுங்கள். 1.5-க்கு 13 கிராம் பக்கம், 2.5-க்கு 22 கிராம் பக்கம் வர வேண்டும். சி.சி.ஏ. என்றால் முறையே 5, 8 கிராம்தான் காட்டும். சந்தேகமே வராது. பிளேடால் சுரண்டிப் பார்த்தாலும் உள்ளே வெள்ளை தெரியும்.

13 வராமல் 11.8 வந்தால்? உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தரநிர்ணயம் நிர்ணயிப்பது எடையை அல்ல, மின்தடையை. வளையும் வகை 1.5 செம்பு ஒயருக்கு 20 டிகிரி செல்சியஸில் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் வரை இருக்கலாம், 2.5-க்கு 7.98 ஓம். சுத்தமான செம்பில் 13.3 ஓம் வர 1.3 சதுர மி.மீ. இருந்தாலே போதும். அதாவது மீட்டருக்கு 11.5 கிராம். பெயர் 1.5 என்றாலும், அதைவிடக் குறைவான செம்பு விதிக்கு உட்பட்டே வரலாம். நல்ல கம்பெனிகளுக்குள் எடை வித்தியாசம் வருவது இந்த இடைவெளியில்தான். 1.5-ல் 11.5-க்குக் கீழே, 2.5-ல் 19-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுங்கள்.

இழை எண்ணிக்கையை எண்ணுவது இன்னொரு வழி. 22/0.3 என்றால் 0.3 மி.மீ. விட்டமுள்ள 22 இழை, 1.5-க்கு அது சரி, 36/0.3 என்றால் 2.5. ஆனால் இழை எண்ணிக்கை சரியாக வைத்து ஒவ்வோர் இழையையும் 0.27-க்கு மெலிக்க முடியும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தராசு கண்டுபிடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு செம்பு அங்கே போயிருக்கும்.

அடுத்த போட்டி செம்புக்குள்ளேயே: மெல்லியதா, தடித்ததா? லைட், ஃபேன் சர்க்யூட்டுக்கு 1-ஆ 1.5-ஆ என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்ற பழகிய வரையறைப்படி 3.5 ஆம்பியர்தான் ஓடும். எல்.இ.டி. காலத்தில் அதுவும் ஓடாது. 1 தாராளம், 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால். அங்கே 1.5 போட்டுக் காயிலுக்கு 400 கிராம் செம்பைச் சுவருக்குள் புதைப்பதைவிட அந்தக் காசைக் கீசர் லைனில் போடலாம். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர்; 1.5 ஒயரில் 65 வாட்டுக்கு மேல் ஒயரே சூடாகித் தின்னும், 2.5-ல் 40, நாலு எம்எம்-மில் 25. ஏசிக்கும் இதேபோல்தான் யோசிக்க வேண்டும். ஒன்றரை டன் ஏசி 8 ஆம்பியர் பக்கம்தான் எடுக்கும். பக்கத்து அறை என்றால் 2.5 போதும், மாடிக்கு நீள ஓட்டம் என்றால் 4. "எதற்கும் நாலு போட்டுடலாம் சார்" என்பதைக் கேட்டு எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை.

பழைய வீட்டை ரீவயரிங் செய்பவர்களுக்கு ஒன்று. உருவி எடுக்கும் ஒயர் யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் பேசிவிடுங்கள். செம்பு என்றால் காயலான் கடையில் நல்ல காசு, அலுமினியம் என்றால் டீச்செலவுக்கு ஆகும். உறையைக் கொளுத்தி எடுக்க விடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நெஞ்சை அடைக்கும் அமில வாயு, கருகிய செம்புக்குக் கடைக்காரர் விலையையும் குறைப்பார். கத்தியால் உரித்து, உங்கள் வீட்டிலேயே ஒருமுறை நிறுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.