நிக்கோட்டின் சூயிங்கம்: மெல்லத் தெரிந்தால் பலன் உண்டு

சிகரெட்டை விட உதவும் பொருட்களில் இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். பெயர் சூயிங்கம் என்பதால் சரசரவென்று மென்றுவிடுகிறார்கள். அப்போது நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். புகைக்கும் ஆசை மட்டும் அப்படியே இருக்கும். காரமான சுவை வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மறுபடி மெல்லலாம். ஒரு துண்டு சுமார் 30 நிமிடம் தாங்கும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு கூடாது. அமிலம் இருந்தால் வாய் நிக்கோட்டினை உறிஞ்சாது.

கண் விழித்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று. பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்த வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் அளவில் ஆண், பெண் வேறுபாடு எதுவும் இல்லை. இதுதான் பெரிய குறை. பெண்களின் உடல், அதிலும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களின் உடல், நிக்கோட்டினை வேகமாகக் கரைத்துவிடும். இதை வாங்குவதிலும் பெண்களுக்குச் சிக்கல் உண்டு. வளர்ந்த நாடுகள் பலவற்றில் இருபாலாரும் ஏறக்குறைய சமமாகவே புகைக்கிறார்கள். இந்தோனேசியாவிலோ ஆண்களில் பாதிக்கு மேல், பெண்களில் மிகச் சிலரே. அங்கே ரகசியமாகப் புகைக்கும் பெண் மருந்துக்கடையில் இதைக் கேட்கவே தயங்குவார். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.