மலைச்சரிவில் கோல்ஃப்: கார்ட்டா, கேடியோடு நடையா?

டர்பனிலிருந்து விடுமுறைக்கு டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பும்போது கோல்ஃப் பையையும் காரில் ஏற்றுகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த மேடு பள்ளத்தில் மைதானத்துக்குள் ஓட்டிப் போகும் சிறு வண்டியான கார்ட்டை எடுப்பதா, பை சுமக்க ஒரு கேடியை வைத்துக்கொண்டு நடப்பதா? நான் கார்ட்டில் ஆடிவிட்டு நடைக்கு மாறியவன். திரும்பிப் போவதாக இல்லை.

கார்ட்டின் நன்மைகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால் வலிக்காது, குளிர்ந்த தண்ணீர் கூடவே வரும். முழங்கால் தகராறு உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், கார்ட்தான். கோடையில் பிற்பகல் இடி மின்னல் அந்த மலையில் சகஜம்; மேகம் கறுத்ததும் கிளப்ஹவுசுக்கு ஓட கார்ட் கைகொடுக்கும். ஆனால் காலையில் சீக்கிரமே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அந்தத் தேவையே வராது.

எனக்கு முடிவைச் சொன்னது சரிவு. சமதளத்தில் 150 மீட்டர் என்றால் 150 மீட்டர்தான். மலையில் மேட்டை நோக்கி அடிக்க, வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் போகும் கிளப்பை (பந்தடிக்கும் மட்டையை) எடுக்க வேண்டும், பள்ளத்துக்கு ஒரு படி குறைக்க வேண்டும். டர்பனின் கடல்மட்டத்தில் பழகிய கைக்கு இன்னொரு குழப்பம்: உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். இத்தனைக்கும் மேல், நிற்கிற இடமே சாய்ந்திருக்கும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால் அடி இடப்பக்கம் இழுக்கும், தாழ்வில் கிடந்தால் வலப்பக்கம் விலகும். இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுப்பார். சாய்வு எவ்வளவு என்பது மட்டும் நம் காலுக்குத்தான் தெரியும். பந்தை நோக்கி நடந்து வரும்போதே குதிகாலும் கணுக்காலும் அதை அளந்துவிடும். கார்ட்டிலிருந்து குதித்து, கிளப்பை உருவி, உடனே வீசுகிறவருக்கு அந்தக் கணக்கு கிடைப்பதேயில்லை.

மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். கார்ட்டைப் பாதையை விட்டு இறக்கக் கூடாது என்பார்கள். பாதையில் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று கிளப்பைக் கையில் பிடித்தபடி ஈரச் சரிவில் குறுக்கே இறங்கினால், வேண்டிய கிளப் மேலே வண்டியிலேயே இருக்கும். நடையும் மிச்சமில்லை, ஆட்டத்தின் ஓட்டமும் போச்சு.

அப்புறம் கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. 3,149 மீட்டர் உயர கேத்கின் சிகரம் பக்கத்தில் நிற்கும்போது கண் ஏமாறும். சுற்றியுள்ள நிலம் முழுக்கச் சாய்ந்திருப்பதால், இறக்கம் சமதளமாகத் தெரியும், சமதளம் ஏற்றமாகத் தெரியும். ஒருமுறை என்னோடு கேடியாக வந்த ஜூலு இளைஞர், நான் பட் அடிக்க, அதாவது பந்தைக் குழிக்கு உருட்ட, குறிபார்த்து நின்றதைக் கவனித்துவிட்டு எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையைத் தொடாமல் விரலால் குழிக்கு ஒரு சாண் இடப்பக்கம் காட்டி, “பாபா, மலையைப் பார்க்காதீங்க, ஓடை எந்தப் பக்கம்னு பாருங்க” என்றார். என் கண்ணுக்கு அது நேர்கோடு. பந்து அவர் சொன்னபடியே ஓடைப் பக்கம் வளைந்து போனது. கிகுயூ புல் அடர்ந்த ஓரங்களிலும் இதே கதைதான்: முன்னால் போய் நின்று பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும்.

பை சுமப்பவருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் நான் பாப்வா சேகோலம் பெயரைச் சொல்வேன். டர்பனில் கேடியாகத் தொடங்கி, 1959, 1960, 1964 என மூன்று முறை நெதர்லாந்தின் டச்சு ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற நம் ஊர்க்காரர். 1963இல் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறி ஆட்சியில் அவரைக் கிளப்ஹவுசுக்குள் விடாமல் வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்த மனிதரை உருவாக்கிய வேலை அது. அதற்கு என்னிடம் தனி மரியாதை உண்டு.

பையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே நடப்பது மூன்றாவது வழி. சமதளத்தில் மட்டும்தான் தள்ளியிருக்கிறேன், அங்கே நன்றாகவே இருந்தது. பதினான்கு கிளப்போடு மேட்டில் ஏற்றிப் பார்த்ததில்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சில ரிசார்ட் மைதானங்களில் கார்ட் கட்டாயம்; முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கேடி வேண்டுமென்றால் முந்தின நாளே போனில் சொல்லிவையுங்கள். கூலியும் டிப்ஸும் ரொக்கமாக எடுத்துப் போங்கள். ஒன்பது குழி முடிந்து ஹாஃப்வே ஹவுசில் சாப்பிட நிற்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்குங்கள்.