கில்லா பேண்ட்: பல ஆண்டு கேட்ட பிறகு

அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ராக் குழுவான கில்லா பேண்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அதை ஓர் இருவர் குழுவாகக் கேட்பதே சரி என்பது ஆண்டுக்கணக்கில் கேட்டு நான் வந்து சேர்ந்த முடிவு. டிரம்ஸ் வாசிக்கும் ஆடம் ஃபாக்னர் ஒருவர், பேஸ் கிட்டார் வாசிக்கும் டேனியல் ஃபாக்ஸ் மற்றவர். இவர்கள் இருவரும் தாளத்தைக் கட்டி நிறுத்திய பிறகுதான் ஆலன் டக்கனின் கிட்டார் கிறீச்சிடவும் பாடகர் டாரா கீலி தொண்டை கிழியக் கத்தவும் இடம் கிடைக்கிறது. புதிதாகக் கேட்பவர் காதில் கிறீச்சும் கத்தலும் மட்டுமே விழும். வெறும் இரைச்சல் என்று எழுந்து போகிறவரை நான் தடுக்கமாட்டேன். தாளத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறவருக்குத்தான் இது எவ்வளவு சிக்கனமான இசை என்று புரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2011இல் தொடங்கியபோது இவர்கள் கேர்ள் பேண்ட். நான்கு ஆண்கள், அந்தப் பெயரை யோசிக்காமல் வைத்துவிட்டோம் என்று சொல்லி 2021 நவம்பரில் கில்லா பேண்ட் ஆனார்கள். முதல் இரண்டு ஆல்பங்களும் பழைய பெயரில் வெளிவந்தவை. பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடுகிறவர்கள் இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்பது நல்லது.

சிக்கனம் என்றேன். இவர்களுடைய பெரும்பாலான பாடல்களில் மெட்டு என்று முணுமுணுக்க ஒன்றும் இருக்காது. கிட்டார் தனி ஆவர்த்தனம் கிடையாது. ராக் பாடல்களில் வழக்கமாக வரும் சுர மாற்றங்களும் அரிது. ஒரே சுரத்தில், சில சமயம் சுரம் என்றே சொல்ல முடியாத ஓர் உறுமலில், ஐந்து நிமிடம் நிற்பார்கள். மாறுவது அழுத்தம் மட்டும். ஃபாக்ஸ் பீர் பாட்டிலை நரம்புகள்மேல் வைத்து இழுத்து வாசிப்பதை மேடைக் காணொளிகளில் பார்க்கலாம். கண்ணாடி நரம்பில் மோதும் அந்த ‘டங்’ என்ற ஓசைதான் அவருக்கு வேண்டியது. எந்தச் சுரம் வருகிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். டக்கனும் அப்படியே. கிட்டார், பேஸ், குரல் மூன்றும் இந்தக் குழுவில் தட்டுவதற்கு உரிய பொருள்கள். எல்லாமே தாளவாத்தியம் என்று ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

இதற்கு ஆகச் சிறந்த சாட்சி அவர்கள் சொந்தமாக எழுதாத ஒரு பாடல். இங்கிலாந்தைச் சேர்ந்த டெக்னோ கலைஞர் பிளாவன் 2012இல் வெளியிட்ட ‘ஒய் தே ஹைட் தேர் பாடீஸ் அண்டர் மை கராஜ்’ என்பதை எடுத்து, கணினி எதையும் நம்பாமல் கிட்டார், பேஸ், டிரம்ஸ் கொண்டு வாசித்துக் காட்டினார்கள். ஏறத்தாழ எட்டு நிமிடம். டான்ஸ் கிளப்புக்காக இயந்திரத்தில் செய்த இசையை நான்கு மனிதர்கள் கையால் செய்வது வேடிக்கைக்காகச் செய்த காரியம்போலத் தோன்றலாம். பாடலைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். பெரிய டிரம்மை ஃபாக்னர் சீராக மிதிக்கிறார், காலப்பிரமாணம் அசைவதில்லை. அதன்மேல் கிட்டார் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. ஏறி, ஏறி, இனி வெடிக்கப்போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் காக்க வைக்கிறது. தலைப்பு வாக்கியம் ஒன்றையே கீலி திரும்பத் திரும்பச் சொல்கிறார், சொல்லச் சொல்ல அதன் பொருள் உதிர்ந்து வெறும் அசைகள் மிஞ்சுகின்றன.

இதை எத்தனையோ முறை கேட்டும் எனக்குச் சலிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. இயந்திரம் முதல் நிமிடத்தில் அடித்ததைப் போலவேதான் எட்டாம் நிமிடத்திலும் அடிக்கும். ஃபாக்னரின் கை அப்படி அல்ல. நல்ல ஹெட்போனில் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டை மட்டும் தனியே பின்தொடர்ந்து பாருங்கள். நேரம் போகப் போக அடி கொஞ்சம் பிடிவாதமாகிறது. கிட்டார் ஏறும் இடங்களில் தாளம் முன்னே சாய ஆசைப்படுவதும், அவர் அதை இழுத்துப் பிடிப்பதும் கேட்கும். இயந்திரத்தைப் போல வாசிக்க முயலும் மனிதனின் களைப்புதான் அந்தப் பாடலின் சுவை. இந்தப் பாடல் ‘தி எர்லி இயர்ஸ்’ என்ற 2015ஆம் ஆண்டுச் சிறு தொகுப்பில் இருக்கிறது. அதே தொகுப்பில் ‘தி சா சா சா’ என்று அரை நிமிடம்கூட ஓடாத ஒன்றும் உண்டு. ஒரு கைகலப்பைத் தெருமுனையில் பார்த்துவிட்டு நடப்பதைப் போல அது முடிந்துவிடும்.

முதல் ஆல்பமான ‘ஹோல்டிங் ஹேண்ட்ஸ் வித் ஜேமி’ 2015 செப்டம்பரில் ரஃப் டிரேட் நிறுவனத்தின் வழியாக வந்தது. ஒன்பது பாடல்கள். கீலி கடுமையான மனநோய்ப் பாதிப்புக்கு ஆளாகி மீண்டதைப் பற்றிப் பேட்டிகளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். அந்த அனுபவம் இந்த ஆல்பத்தின் வரிகளில் இருக்கிறது. ஆனால் அதை அறியாமல் கேட்டால் வரிகள் கிறுக்குத்தனமான நகைச்சுவையாகத்தான் படும். சாப்பாட்டுப் பண்டங்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், யாரோ ஒருவருடைய கால்சட்டை. சிரித்துக்கொண்டே கேட்டுவந்து, பின்னர் விவரம் தெரிந்து கேட்கும்போது அதே வரிகள் வேறு மாதிரி கனக்கின்றன. இரண்டு விதமாகவும் கேட்கலாம் என்பதுதான் இந்த ஆல்பம் நீடிப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதில் ‘பால்’ (Paul) என்ற பாடலைத் தனியாகச் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஏழு நிமிடம். தொடக்கத்தில் பேஸும் டிரம்ஸும் மட்டுமே பேசுகின்றன. நான் சொல்லும் ‘இருவர் குழு’ இங்கே வெளிச்சத்திலேயே நிற்கிறது. கீலி அடங்கிய குரலில் முனகுகிறார். கிட்டார் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ராக் இசையில் பழகிய காது, ‘சரி, இப்போது வெடிக்கும்’ என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கைத் தெரிந்தே தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் வெடிக்கும்போது அது மகிழ்ச்சி தருவதில்லை. அடைத்த மூச்சு வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆல்பத்தின் மற்ற பாடல்களில் இரண்டு மூன்று, சத்தம் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அவற்றை நான் இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன்.

இதற்குப் பிறகு கீலியின் உடல்நிலை காரணமாகக் கச்சேரிகள் ரத்தாயின. குழு மேடையை விட்டு விலகியிருந்தது. இரண்டாவது ஆல்பமான ‘தி டாக்கீஸ்’ 2019 செப்டம்பரில்தான் வந்தது.

என்னைக் கேட்டால் அவர்களுடைய முழுமையான வேலை இதுதான். லீஷ் மாவட்டத்தில் இருக்கும் பாலின்டபர்ட் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் பதிவு செய்தார்கள். (கவிஞர் செசில் டே-லூயிஸ் பிறந்த ஊர் பாலின்டபர்ட், அவர் மகன்தான் நடிகர் டேனியல் டே-லூயிஸ். இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) வீடு பதிவில் கேட்கிறது. டிரம்ஸின் அடி சுவரில் மோதித் திரும்பும் நேரம் பாடலுக்குப் பாடல் மாறுகிறது. சில இடங்களில் ஸ்னேர் என்ற சிறு டிரம் காதுக்குள் இருக்கிறது, சில இடங்களில் கூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. முதல் ஆல்பத்தில் இந்தத் தூரம் கிடையாது. அங்கே எல்லாம் முகத்துக்கு நேரே நடக்கும்.

ஆல்பத்தின் முதல் ஒலி மூச்சு. வேகமாக, பதற்றமாக, ஒருவர் மூச்சு வாங்குகிறார். அதுவே தாளமும் ஆகிறது. முதல் வாத்தியம் நுரையீரல் என்று வைத்துக்கொள்ளலாம். ஹெட்போனில் இதைக் கேட்டால் நம் மூச்சும் அதே வேகத்துக்குப் போகப் பார்க்கும். பதற்ற நோய் உள்ளவர்கள் இந்த ஒரு துண்டைத் தாண்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது, கிண்டலுக்குச் சொல்லவில்லை.

வரிகளில் கீலி தனக்குத் தானே விலங்கு பூட்டிக்கொண்டிருக்கிறார். நான், நீ, அவன், அவள் போன்ற மூவிடப் பெயர்களைத் தவிர்த்து எழுதியிருக்கிறார். ‘ஐபோஃபோபியா’ என்ற பாடல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கும் மாலைமாற்றுத் தொடர்களால் ஆனது. மாலைமாற்றைக் கண்டு வரும் பயத்துக்கு விளையாட்டாகச் செய்யப்பட்ட தலைப்புச் சொல்லும் ஒரு மாலைமாற்றே. ‘அகினெட்டான்’ ஒரு மருந்தின் வணிகப் பெயர். மனநோய்க்கான மருந்துகள் உண்டாக்கும் தசை இறுக்கத்தைத் தளர்த்தக் கொடுப்பது. ‘அமிக்டாலா’ மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதி. ‘சால்மன் ஆஃப் நாலெட்ஜ்’ அயர்லாந்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்கும் கதை: அறிவு முழுவதையும் உண்ட மீனைச் சமைக்கும்போது ஃபின் மக்கூல் என்ற சிறுவன் விரலைச் சுட்டுக்கொள்கிறான், விரலை வாயில் வைத்துச் சப்பியதும் அறிவெல்லாம் அவனுக்கு வந்துவிடுகிறது. மருந்துச் சீட்டும் பாட்டிக்கதையும் ஒரே பட்டியலில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருமுறை கேட்டு இதெல்லாம் தெரியாது. ஆண்டுகள் போகப் போக ஒவ்வொன்றாகத்தான் பிடிபட்டது.

‘ஷோல்டர்பிளேட்ஸ்’ பாடலில் டிரம்ஸ் செய்வதைக் கவனியுங்கள். அடிகளுக்கு நடுவே ஃபாக்னர் விடும் இடைவெளிகள்தான் அங்கே பயமுறுத்துகின்றன. அதை நிரப்பக் கிட்டார் வருகிறது, வந்துவிட்டு விலகுகிறது. இவ்வளவு சத்தம் போடும் குழுவுக்கு மௌனத்தை எங்கே வைப்பது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பது ஆச்சரியம்.

மூன்றாவது ஆல்பமான ‘மோஸ்ட் நார்மல்’ 2022 அக்டோபரில் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மேடை இல்லை, ஆகவே மேடையில் வாசிக்க முடியுமா என்ற கவலையும் இல்லை. பதிவு செய்ததை வெட்டி, நொறுக்கி, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பாராட்டு நிறையக் கிடைத்த ஆல்பம் இது. எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. டிரம்ஸ் பல இடங்களில் உருக்குலைந்து, பொரிந்து, மனிதக் கையின் அடையாளமே இல்லாமல் வருகிறது. நான் இந்தக் குழுவிடம் தேடிப்போவதே அந்தக் கையைத்தான். முதல் சில மாதங்கள் அசத்திய ஒலி வித்தைகள் பிறகு எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி வந்துபோகின்றன. நீண்டகாலப் பயன்பாட்டில் இதுதான் மூன்றில் சீக்கிரம் தேய்ந்தது.

ஆனால் தேயாத இரண்டு உண்டு. ‘எய்ட் ஃபைவர்ஸ்’ பாடலில் கையில் சொற்பப் பணத்தோடு மலிவுக் கடைகளில் துணி வாங்கிய கதையைக் கீலி சொல்கிறார். கடைப் பெயர்களை அவர் அடுக்குவதே ஒரு ஜதி. எட்டு ஐந்து யூரோ நோட்டு என்றால் நாற்பது யூரோ, அதற்குள் ஓர் இளைஞனின் வெட்கம் முழுவதும் இருக்கிறது. மற்றது கடைசிப் பாடலான ‘போஸ்ட் ரயன்’. இத்தனை காலம் விசித்திரச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர், இங்கே தன் நோயையும் தன் ஒளிந்துகொள்ளும் பழக்கத்தையும் நேர்ப்பேச்சில் சொல்லிவிடுகிறார். பழைய ஆல்பங்களை அறிந்தவருக்குத்தான் இதன் முழு அடியும் விழும்.

கருவி விஷயம். போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பது வீண். பேஸ் காணாமல் போய்விடும், மிஞ்சுவது கிறீச்சு மட்டும். பேஸை ஊதிப் பெருக்கும் சிறு புளூடூத் ஸ்பீக்கர்கள் அதைவிட மோசம், ஏனென்றால் ஃபாக்ஸின் பேஸ் கிட்டாரில் முக்கியமானது அடி முழக்கம் அல்ல, நரம்பின் சொரசொரப்பு. நடுத்தர விலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் போதும், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் ‘தி டாக்கீஸ்’ ஆல்பத்தின் அறைகள் தெரிய ஆரம்பிக்கும். ஒலியை மிகக் கூட்டாதீர்கள். கிட்டாரின் மேல் ஓசைகள் காதைப் பதம் பார்க்கும். ஒரு ஆல்பத்தை முழுச் சத்தத்தில் கேட்டுவிட்டு அன்று இரவு காதில் ரீங்காரத்தோடு படுத்த அனுபவம் எனக்கு உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை ‘பால்’ ஓடும்போது எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தார். பழுது இல்லை, பாட்டே அப்படித்தான் என்று சொன்னதும் என்னைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

எப்போது கேட்கலாம் என்றால், வேகமாக நடக்கும்போது நன்றாக இருக்கும். கால் தானாக ஃபாக்னரோடு சேர்ந்துவிடும். படிக்கும்போதும் எழுதும்போதும் ஒத்துவராது. மனம் சரியில்லாத நாளில் வேண்டவே வேண்டாம். தினமும் கேட்கும் குழு அல்ல இது. மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் முழுக்க அதையே கேட்பேன்; பிறகு மறுபடி அலமாரிக்குள் போய்விடும்.

அவர்களுக்குப் பின்னால் வந்த டப்ளின் குழுக்கள் பல இவர்களுக்குக் கடன்பட்டவை. உலகப் புகழ்பெற்ற ஃபான்டெய்ன்ஸ் டி.சி. இதை மறைத்ததில்லை. ஃபாக்ஸ் இப்போது தயாரிப்பாளராகவும் தேடப்படுபவர். டப்ளினின் ஸ்பிரின்ட்ஸ் 2024இல் வெளியிட்ட ‘லெட்டர் டு செல்ஃப்’ அவர் கைவேலை. அதில் டிரம்ஸ் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள், யார் பதிவு செய்தது என்று உறையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

புதிதாக வருகிறவர்கள் வெளியான வரிசையில் போகவேண்டாம். பிளாவன் பாடலில் தொடங்கி, ‘பால்’ கேட்டு, அது பிடித்தால் ‘தி டாக்கீஸ்’ ஆல்பத்தை வெட்டாமல் ஒரே இருப்பில் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், மிச்சம் எதுவும் மனத்தை மாற்றப்போவதில்லை. தட்டு வாங்குவதாக இருந்தால் ‘தி டாக்கீஸ்’ ஒன்றை வாங்குங்கள். மற்ற இரண்டுக்கும் இணையத்தில் கேட்பதே போதும்.