மூன்று தலைமுறைக்கும் இடம் தரும் லாண்டிட்னோ: ஒரு குறுகிய கடற்கரை விடுமுறை

கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும்போது, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் அழைத்துப் போகத்தக்க கடற்கரை ஊரைப் பிரிட்டனில் தேர்ந்தெடுப்பது எளிதன்று. பல ஊர்களில் கடைவீதியும் விடுதிகளும் மேட்டில் இருக்க, மணற்பரப்பு செங்குத்தான சரிவின் அடியில் கிடக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த ஏற்ற இறக்கமே விடுமுறையைக் கெடுத்துவிடும். இத்தகைய பயணங்களுக்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று வீட்டுப் பெரியவர் எத்தனை முறை சொல்ல நேர்கிறது என்பதே அது. வடக்கு வேல்ஸில் உள்ள லாண்டிட்னோ இந்த அளவுகோலில் நான் பார்த்த ஊர்களுள் முதலிடம் பெறுகிறது.

அதற்கு முதற்காரணம் ஊரின் அமைப்பு. கிரேட் ஓர்ம், லிட்டில் ஓர்ம் என்னும் இரண்டு சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே பிறை வடிவில் வளைந்த விரிகுடா. அதை ஒட்டி அகலமான, மேடுபள்ளமற்ற நடைபாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மோஸ்டின் குடும்பத்தார் தங்கள் நிலத்தில் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால், தெருக்கள் நேராகவும் தாராளமாகவும் இருக்கின்றன. குழந்தை வண்டியும் கைத்தடியும் அருகருகே செல்ல இடமிருக்கிறது. களைத்தால் அமர இருக்கைகளும், காற்றுக்கு ஒதுங்கக் கூரையிட்ட நிழற்குடைகளும் உள்ளன. கடைவீதியான மோஸ்டின் தெருவில் கடைகளின் முன்னால் இரும்பும் கண்ணாடியுமாக அமைந்த பழைய முகப்புப் பந்தல்கள் இருப்பதால், மழை பிடித்துக்கொண்ட பிற்பகலிலும் அம்மாவால் நிதானமாகக் கடை பார்க்க முடிந்தது. வேல்ஸில் மழையைக் கணக்கில் கொள்ளாமல் எந்தத் திட்டமும் போட முடியாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விடுதிகள் வரிசையாக நிற்கும் வடக்குக் கரையில் நீர் ஏறியிருக்கும் வேளையில் கூழாங்கற்களே மிஞ்சும். மணல் வீடு கட்ட விரும்பும் குழந்தைகளை மேற்குக் கரைக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். இரு கரைகளுக்கும் இடையே ஊர் தட்டையாகவே கிடக்கிறது. பெரியவர்கள்கூட நிதானமாக நடந்து கடந்துவிடலாம். மேற்குக் கரை அமைதியானது; சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கும் அதுவே ஏற்ற இடம். ஆனால் அங்கே வெகுதூரம் உள்வாங்கும் கடல் விரைவாகத் திரும்பி வரும் என்பதால், ஓத நேரங்களைப் பார்த்துக்கொண்டு குழந்தைகளைக் கரையை ஒட்டியே விளையாடவிடுவது நல்லது.

இனி டிராம். லாண்டிட்னோவுக்குப் போவதற்கு இது ஒன்றே போதிய காரணம் என்பேன். 1902-இல் தொடங்கப்பட்ட கிரேட் ஓர்ம் டிராம், வடக்கயிற்றால் இழுக்கப்பட்டு, வீடுகளின் வாசலை உரசிச் செல்லும் குறுகிய சாலையிலேயே செங்குத்தாக ஏறுகிறது. கீழ்ப்பகுதியில் வடம் சாலைக்கு அடியில் மறைந்து ஓடுகிறது. ஒரு வண்டி ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. இறங்கும் வண்டியின் எடை ஏறும் வண்டிக்குத் துணையாகிறது. பழனி மலையின் இழுவை ரயிலில் பலமுறை ஏறிய அப்பா, இந்த ஏற்பாட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு பேத்திக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். பாதிவழி நிலையத்தில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். அங்கே வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளைகளை நேரிலேயே காணலாம். தாத்தாவும் பேத்தியும் அங்கிருந்து நகர மறுத்ததால் ஒரு வண்டியைத் தவறவிட்டோம். அதற்காக எவரும் வருந்தவில்லை. உச்சி 207 மீட்டர் உயரம். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் ஆங்கிளிசி தீவும் மறுபக்கம் ஸ்னோடோனியா மலைகளும் தெரியும். எண்பதை நெருங்கும் அம்மாவும் இன்னும் நடை பழகாத மகனும் ஒரே நேரத்தில் ஒரு குன்றின் உச்சியில் இருந்தார்கள் என்பதை, அந்த ஊருக்கு நான் தரும் மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளலாம். வண்டிகள் பழையவை, படியேறித்தான் அமர வேண்டும், குழந்தை வண்டியை மடித்துத்தான் ஏற்ற வேண்டும். சக்கர நாற்காலியைவிட்டு எழ முடியாதவர்களுடன் செல்வோர் முன்னதாகவே கேட்டறிந்து செல்வது நல்லது. உச்சியில் ஜூலை மாதத்திலும் காற்று எலும்பைத் துளைக்கும். பெரியவர்களுக்குக் குல்லாவும் கம்பளிச் சட்டையும் கட்டாயம். குன்றின் அடிவாரத்தில் உள்ள ஹாப்பி வேலி பூங்காவிலிருந்து புறப்படும் கேபிள் காரிலும் மேலே செல்லலாம் என்றாலும், காற்று பலமாக வீசினால் அதை நிறுத்திவிடுவார்கள்.

பாதிவழி நிலையத்துக்கு அருகில் வெண்கலக் காலத்துச் செப்புச் சுரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் கல்லையும் விலங்கெலும்பையும் கருவிகளாகக் கொண்டு குடைந்த இச்சுரங்கம் 1987-இல் வெளிப்பட்டது. 1991 முதல் பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கிறார்கள். சில வழிகள் மிகவும் குறுகலானவை. அவற்றைக் குழந்தைகள்தான் குடைந்திருக்க முடியும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதைக் கேட்டதும் பள்ளியில் படிக்கும் என் மகள் நெடுநேரம் பேசவே இல்லை. படிக்கட்டுகளும் தாழ்ந்த கூரையும் உள்ள இந்த இடத்தில்தான், "நீங்கள் போய் வாருங்கள்" என்று அம்மா முதன்முறையாகச் சொன்னார்.

கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு நிற்கும் கடற்பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1877-இல் திறக்கப்பட்ட அது 700 மீட்டர் நீளம் கொண்டது. வேல்ஸில் இதைவிட நீளமானது இல்லை. நடக்கக் கட்டணம் கிடையாது. நாணயம் போட்டு விளையாடும் இயந்திரங்கள் குழந்தைகளை ஈர்க்கும். பெரியவர்களுக்குக் கடலின் நடுவே அமர்ந்திருப்பதே போதும். பலகைத் தளத்தின் இடைவெளிகளில் கைத்தடியின் முனை சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடைபாதையில் 1860 முதல் ஒரே குடும்பத்தார் நடத்திவரும் பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டத்தில், மொழி முழுவதும் புரியாவிட்டாலும் எங்கள் வீட்டில் மிகுதியாகச் சிரித்தவர் அம்மாதான்.

தங்குமிடத்தில்தான் குறை. நாங்கள் தங்கிய கடலோர விடுதியின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. ஆனால் லிஃப்ட் உண்டு என்று விளம்பரம் செய்திருந்த அந்த விடுதியில், லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு இடையே உள்ள நடுமேடையில்தான் நின்றது. அறைக்குச் செல்ல மேலும் சில படிகள் ஏற வேண்டியிருந்தது. வாசலிலும் படிகள், குளியல் தொட்டியின் விளிம்போ மிக உயரம். பணியாளர்கள் கனிவுடன் கீழ்த்தளத்தில் வேறு அறை தந்தார்கள் என்றாலும், விளம்பரத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். விக்டோரியா காலத்துக் கட்டடங்களில் இது பரவலாகக் காணப்படுவது. ஆகவே முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, வாசலில் எத்தனை படிகள், லிஃப்ட் அறையின் தளத்திலேயே நிற்குமா, குளிக்கத் தொட்டியா தனி ஷவரா என்று கேட்டுவிடுங்கள். என் பரிந்துரை, சமையலறையுடன் கூடிய தரைத்தள வாடகை வீடு.

சமையலறை வேண்டும் என்பதற்குச் சாப்பாடும் ஒரு காரணம். மீனையும் உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பொரித்து விற்கும் பிரிட்டனின் சிப்ஸ் கடைகள் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு. தாவர எண்ணெய் என்றாலும் மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். சைவ உணவினர் கேட்காமல் வாங்கக் கூடாது. வேகவைத்த முழு உருளைக்கிழங்கின் மேல் பீன்ஸும் சீஸும் இட்டுத் தருவது தேநீர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பெற்றோருக்கு அதுவே பிடித்தது. இரவில் ரசம் சாதம். திறந்தவெளியில் உண்பவர்கள் கடற்காகங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குழந்தையின் கையிலிருந்தே பறித்துச் செல்லும்.

மான்செஸ்டரிலிருந்து ரயில் வசதி உண்டு. லண்டனிலிருந்து வருவோர் பெரும்பாலும் லாண்டிட்னோ ஜங்ஷனில் மாற வேண்டும். குழந்தைகளுடன் செல்வதால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்குவது பெரிய சேமிப்பு: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 60 விழுக்காடும் கட்டணம் குறையும். ஒரு நாளை அருகிலுள்ள கான்வி ஊருக்கு ஒதுக்கலாம். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283-இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் கோபுரப் படிகள் பெரியவர்களுக்கு ஆகாது. துறைமுகக் கரையில் 1.8 மீட்டர் அகலமே உள்ள, பிரிட்டனின் மிகச் சிறிய வீட்டை எல்லோரும் பார்க்கலாம். டிராம் மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரையே ஓடும் என்பதால் பயணத்தை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையும் நீண்ட பகலும் சேர்ந்து வரும் மே மாதக் கடைசி வாரம் மிகப் பொருத்தமானது; அதற்கு அறைகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், தரைத்தள வீடு வேண்டுவோர் குளிர்காலத்திலேயே பதிவுசெய்ய வேண்டும்.