குறையுள்ள வெல்டிங்: வெட்டுவதா, விடுவதா?

யாழ்ப்பாணத்து நாவற்குழிப் பக்கம் கடனீரேரிக் கரையோரமாகப் புதைக்கப்போகும் 600 மில்லிமீற்றர் உருக்குக் குழாய் ஒன்றை வைத்துப் பார்ப்போம். தகட்டுத் தடிப்பு 9.5 மில்லிமீற்றர். இரண்டு துண்டுகளைச் சுற்றிவர இணைக்கும் வெல்டிங்கின், அதாவது சுற்று ஒட்டின், உட்புற அடியான வேர்ப்பகுதி 20 மில்லிமீற்றர் நீளத்துக்கு உருகிச் சேரவில்லை. ஒட்டை வெட்டுவதா, விடுவதா?

தண்ணீர் அழுத்தச் சோதனை மலிவானது. ஆனால் இந்தக் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. 15 பாரில் சோதித்தாலும் குழாயின் நெடுக்கே வரும் தகைப்பு (பரப்பலகுக்கு வரும் இழுவிசை) 24 மெகாபஸ்கால்தான், சுற்றுவாட்டில் வருவதன் பாதி. சுற்று ஒட்டின் குறையை இழுத்துத் திறப்பதோ இந்த நெடுக்குத் தகைப்பு. பிறகு மண் இறங்கி 20 மீற்றருக்குள் குழாய் 8 சென்ரிமீற்றர் தொய்ந்தால், வளைவால் மட்டும் 100 மெகாபஸ்கால் ஏறும். கசிவு பார்க்கவே இந்தச் சோதனை.

ஊடுருவும் கதிரால் எடுக்கும் கதிர்ப்படம் கசடையும் காற்றுக் குமிழியையும் நன்றாகக் காட்டும். கதிருக்குச் சாய்வாக, தகட்டோரம் மெல்லிதாக ஒட்டாமல் கிடக்கும் இடத்தைத் தவறவிடும். கதிரைத் தரும் இரிடியம்-192 இன் வலு எழுபத்து நான்கு நாளில் பாதியாகும். படமெடுக்கும் நேரத்தைக் கூட்டாவிட்டால் படம் வெளிறும். குழாய் வெல்டிங்குக்கான அமெரிக்கத் தரவிதி ஏபிஐ 1104 இன் சாதாரண அளவுகோலில் இத்தகைய தனிக் குறைக்கு 25 மில்லிமீற்றர் வரை இடமுண்டு, எனவே நமது ஒட்டு தேறிவிடும். ஆனால் அது வேலைத்தரத்துக்கான எல்லை. குறை எவ்வளவு ஆழம் என்று படம் சொல்லாது.

ஆழத்தைத் தருவது அல்ட்ராசவுண்ட். எங்கள் தெரிவும் அதுவே, மேற்பரப்பு ஒத்துழைத்தால். ஒலியை 70 பாகை சாய்வாக அனுப்பும் புரோபில், ஒலி ஒருமுறை போய்த் திரும்ப மேற்பரப்பில் 52 மில்லிமீற்றர் வேண்டும். ஆகவே ஒட்டின் இரு பக்கமும் 100 மில்லிமீற்றருக்கு உப்புத் துருவைச் சுரண்டி எடுக்கவேண்டும். குழிவிழுந்த தகட்டில், ஒலியை உள்ளே கடத்தும் ஜெல் பிடிக்காது. வேரின் இயல்பான புடைப்பும் எதிரொலி தரும். அதைக் குறையென்று எழுதி நல்ல ஒட்டை வெட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரு பக்கமிருந்தும் பார்த்தால் இந்தப் பிழை குறையும்.

ஆழம் 2 மில்லிமீற்றர் என்று வந்தால், அளவீட்டுப் பிழைக்கு ஒன்றைக் கூட்டி 3 என்று வைத்து, குறையுள்ள உலோகம் தாங்குமா என்று மதிப்பிடும் பிரித்தானியத் தரவிதி பிஎஸ் 7910 இன் கணக்கில் போடுங்கள். வெல்டிங் ஆறியபின் உள்ளே தங்கும் எச்சத் தகைப்பை உருக்கின் இளகுவலிமை (உருக்கு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் தகைப்பு) அளவுக்கு எடுப்பதே பாதுகாப்பு. அதே முறையில் ஒட்டிய மாதிரித் துண்டின் முறிவுத் தாங்குதிறன் (வெடிப்புப் பரவாமல் தாங்கும் திறன்) பெறுமதி இல்லாமல் கணக்கு நிற்காது.

கணக்கில் தேறாவிட்டால் மட்டும் வெட்டுங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டி ஒட்டினால் ஒட்டுக்குள் புகும் ஐதரசனால் வெடிப்பு வரலாம். அது தாமதித்தே வெளிப்படும் என்பதால், திருத்திய ஒட்டை 48 மணித்தியாலம் கழித்தே மறுபடி சோதியுங்கள்.