எக்ஸ்போர்ட் குவாலிட்டின்னு போட்ட ஃப்ரோசன் இறால் பாக்கெட், 5க்கு 3 தான்

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல வாங்குனது, வனாமி இறால், தலையும் ஓடும் எடுத்து வால் மட்டும் விட்டது, 500 கிராம். பிராண்ட் பேர் வேணாம், எந்த பாக்கெட் எடுத்தாலும் பாக்க வேண்டியது இதே தான். தூத்துக்குடியில இறால் ஏற்றுமதி பிளான்ட்ல க்யூசி, அதாவது தரம் பாக்குற வேலை பார்த்தவன் நான், அதனால பின்பக்கத்த படிச்சிட்டு தான் காசே குடுப்பேன்.

சரக்கு நல்ல சரக்குங்க, அத மொதல்ல சொல்லிடுறேன். ப்ளாக்கா ஒட்டிக்காம ஒவ்வொண்ணும் தனித்தனியா உறைஞ்சிருக்கு, வேணுங்கறத எடுத்துட்டு மிச்சத்த அப்படியே உள்ள வச்சிடலாம். குடல் சுத்தமா எடுத்திருக்காங்க, கருப்பு புள்ளி இல்ல, கெட்ட வாடை இல்ல. தொக்கு வச்சோம், சட்டி காலி.

கடுப்பானது எடையில தான். ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சு ஐஸ் விட்டப்புறம் வடிகட்டி தராசுல போட்டா 420 கிராம்! மேல ஐஸ் பூசுறது தப்பே இல்ல, க்ளேசிங் இல்லன்னா ஃப்ரீசர்ல இறால் காஞ்சு வெள்ளை வெள்ளையா ஆயிடும், ஆனா நெட் வெயிட்டுல அந்த ஐஸ் சேரக்கூடாது, கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவு ஸ்டாண்டர்டே அப்படித்தான் சொல்லுது, இதே குறைச்சல் வெளிநாட்டுக்கு போன கன்டெய்னர்ல இருந்தா பையர் க்ளெய்ம் போட்டு உயிர எடுத்திருப்பான், நம்ம ஊருல தண்ணிக்கும் இறால் ரேட்டு.

அப்புறம் 31/40ன்னு ஒரு நம்பர், எத்தன இறால் நிக்கும்ங்கற கணக்கு. அது கிலோ கணக்கு இல்ல, பவுண்டு கணக்கு. கிலோவுக்கு பாத்தா கிட்டத்தட்ட 70லேருந்து 90 வரைக்கும் வரும். பண்ணையில 40 கவுண்ட்னா தலையோட கிலோவுக்கு 40, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

முன்னாடி பிஏபி லோகோ, பண்ணையில வளத்த மீன், இறாலுக்கு குடுக்குற சான்றிதழ், அது போட்டு ரெண்டு ஸ்டார். ஹோட்டல் ஸ்டார் மாதிரி ருசிக்கு குடுத்ததுன்னு நினைச்சிடாதீங்க. ரெண்டுன்னா பிளான்ட்டும் பண்ணையும் ஆடிட்ல பாஸ், அதாவது மாங்குரோவ அழிச்சு குட்டை வெட்டுனாங்களா, கழிவுத்தண்ணிய அப்படியே வாய்க்கால்ல விடுறாங்களான்னு பாத்திருக்காங்க. இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியும் தீவன கம்பெனியும் சேந்தா தான் நாலு. என்னைக் கேட்டா தீவனம் தான் பெரிய கேள்வி, அதுல போற மீன்தூள் எந்த கடல்ல எப்படி அள்ளுன மீன்னு இந்த ரெண்டு ஸ்டார் சொல்லாது. இருந்தாலும் லோகோவே இல்லாத பாக்கெட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆன்டிபயாடிக் பத்தி பாக்கெட்டுல ஒரு வரி கூட கிடையாது. ஐரோப்பாக்காரன் 2016ல அங்க வர்ற நம்ம இறால் சரக்குல டெஸ்ட் பண்ற அளவ 10 சதவீதத்துலேருந்து 50 சதவீதம் ஆக்குனான், அங்க அனுப்புற இறால பிடிக்கறதுக்கு முன்னாடியே எம்பெடாங்கற மத்திய அரசு கடல் பொருள் ஏற்றுமதி ஆணையத்தோட எலிசா டெஸ்ட் லேப்ல குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் மாதிரி ஆன்டிபயாடிக் இருக்கான்னு பாக்கணும். இந்த பாக்கெட்டுல பேட்ச் நம்பர் மட்டும் தான், எந்த பண்ணைன்னு தெரியாது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப உள்ளூர்ல விக்கணும், உள்ளூர்ல விக்கணும்னு எல்லாரும் பேசுனாங்களே, வித்துக்கோங்க, அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் ஒரு க்யூஆர் கோடா பாக்கெட்டுல ஒட்டி வித்துக்கோங்க.

ஆஃபர்ல வந்தா திரும்ப வாங்குவேன், முழு ரேட்டுக்கு மாட்டேன். வாங்குறவங்க சேர்மானத்துல 451ன்னு பாஸ்பேட் நம்பர் இருக்கான்னு பாருங்க, பாஸ்பேட்ல ஊறுன இறால் தண்ணிய இழுத்து வச்சுக்கும், இதுல அது இல்ல, அதுக்கு தான் நான் குடுக்குற அஞ்சுல மூணாவது ஸ்டார்.