வெளுக்கும் கறை, வெளுக்காத கறை: ஒப்பனைக் கறைகளை நீக்கியதில் மூன்று வருடப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கல்யாண வாரம் முடிந்து துவைக்க வரும் துணியைப் பார்த்தாலே என்னென்ன சடங்கு நடந்தது என்று சொல்லிவிடலாம். வேட்டியில் நலங்கு மஞ்சள், ஜுபாக் கழுத்தில் சந்தனம், முந்தானையில் கண்மை, ரவிக்கை அக்குளில் டியோடரன்ட், மேசைவிரிப்பில் மருதாணி. கறைநீக்கிப் புட்டிகளின் பின்பக்கத்தில் இவை அத்தனையும் "ஒப்பனைக் கறை" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. துணியில் அப்படி அடங்குவதில்லை. இவற்றில் சில வெளுக்கும். சில எவ்வளவு வெளுப்பான் ஊற்றினாலும் வெளுக்கவே வெளுக்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் நல்ல துணிகள் வீணாகின்றன.

மஞ்சள், மருதாணி, இப்போதைய குங்குமத்தில் சேர்க்கும் சாயம் ஆகியவற்றின் நிறத்தை ஆக்ஸிஜன் வெளுப்பான் உடைத்துவிடும். கண்மையின் கருப்பு அப்படியல்ல, அது பெரும்பாலும் கரி. ஃபவுண்டேஷன், காம்பாக்ட் பவுடர் ஆகியவற்றின் பழுப்பும் மண்நிறமும் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் இனம். கரியையும் துருவையும் வெளுப்புத்தூள் ஒன்றும் செய்யாது. அவை எந்த எண்ணெயிலும் மெழுகிலும் ஒட்டிக்கொண்டு வந்தனவோ அதைக் கரைத்து, அதோடு சேர்த்துத் துணியிலிருந்து பெயர்த்து எடுக்கத்தான் முடியும். ஃபவுண்டேஷன் பட்ட சட்டையை இரவு முழுக்க வெளுப்புத்தூளில் ஊறவைத்தால் காலையில் சட்டை வெளுத்திருக்கும், கறை அப்படியே இருக்கும்.

மூன்று வருடமாகப் பயன்பாட்டில் நிலைத்தவை ஐந்து பொருள்கள்: பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, பேபி ஆயில், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஆக்ஸிஜன் வெளுப்பானான சோடியம் பெர்கார்பனேட் தூள், சிட்ரிக் அமிலத் தூள். முதல் இரண்டும் மளிகைக்கடையில் கிடைக்கும். ஆல்கஹால் மருந்துக்கடையில் இருக்கும். கைகழுவும் ஜெல் வேண்டாம், அதிலுள்ள பிசுக்கு துணியில் தங்கி அழுக்கைப் பிடிக்கும். நீர்போல் இருப்பதை வாங்க வேண்டும். சிட்ரிக் அமிலம் கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. இவற்றோடு ஒரு பழைய மென்மையான பல்துலக்கி, மழுங்கிய கரண்டி, நிறைய வெள்ளைத் துணித் துண்டுகள். நிறத்துணியால் ஒற்றினால் அதன் சாயமும் சேர்ந்து ஏறும்.

ஐந்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பாத்திர சோப்பை வாங்கச் சொல்வோம். லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், கண்மை, தலையணை உறையின் தேங்காய் எண்ணெய் எல்லாமே அதற்கு வசப்படும். ஆனால் அதைப் போடும் விதத்தில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: துணியை முதலில் நனைத்துவிடுவது. நூலில் தண்ணீர் ஏறிவிட்டால் சோப்பு நீர்த்துப்போய் எண்ணெயைச் சரியாகப் பற்றாது. உலர்ந்த துணியில், உலர்ந்த கறையில்தான் சோப்பு படவேண்டும்.

லிப்ஸ்டிக்குக்குச் செய்முறை இது. மேலே திரண்டிருப்பதைக் கரண்டி விளிம்பால் வழித்தெடுக்கவும், தேய்க்க வேண்டாம். மடித்த வெள்ளைத் துணியின்மேல் கறை கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்துப் போடவும். பின்பக்கத்திலிருந்து மூன்று நான்கு சொட்டு சோப்பு விட்டு விரலால் அழுத்தி, பத்து நிமிடம் விடவும். பல்துலக்கியால் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத் தட்டவும். அடியிலுள்ள துணியில் சிவப்பு இறங்குவது தெரியும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் இறங்கியது திரும்ப ஏறும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசவும். இரண்டு சுற்றில் சாதாரண லிப்ஸ்டிக் போய்விடும்.

காய்ந்தால் ஒட்டாத திரவ மேட் லிப்ஸ்டிக்கும் தண்ணீர்படாத மஸ்காராவும் வேறு ஜாதி. அவை காய்ந்ததும் படலமாகிவிடுவதால் சோப்பு நேரடியாக உள்ளே போகாது. அரைத் தேக்கரண்டி பேபி ஆயில் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்தால் படலம் இளகும். வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்து, அதன்மேல் சோப்புச் சுற்றைத் தொடங்க வேண்டும். எண்ணெய் போட்ட இடத்தில் சோப்பு இரண்டு மடங்கு வேண்டும். விட்டுப்போன எண்ணெய் வாரம் கழித்து மஞ்சள் திட்டாகத் தெரியும்.

கண்மைக்கு மூன்று சுற்றாவது ஆகும் என்று எதிர்பார்த்தே உட்கார வேண்டும். கரித்துகள் மிக நுண்மையானது, அவசரப்பட்டுக் கசக்கினால் நூலின் திரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பருத்தியில் போய்விடும் கறை, முறுக்கான காட்டன்-பாலியஸ்டர் கலவையில் சாம்பல் நிழலாகத் தங்குவதும் உண்டு.

இந்த வகைக் கறை முழுதாகப் போனதா என்பதை ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் டோபி கடையின் உலர்த்தியில் போட்டால், அந்தச் சூட்டில் மெழுகு உருகி நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு அரைவாசிதான் மீட்க முடிகிறது. எண்ணெய் மிச்சமுள்ள துண்டுகளையும் தலையணை உறைகளையும் உலர்த்தியில் போடவே கூடாது. எண்ணெய் சூட்டில் காற்றோடு வினைபுரிந்து தானாகவே மேலும் சூடேறும். சூடான துணியைக் குவியலாக வைத்தால் தீப்பிடிக்கக்கூடும். கொடியில் போடுங்கள்.

இனி வெளுக்கும் கூட்டம். இதற்குப் பெர்கார்பனேட்தான். சூடான தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவும் ஆகிவிடும். அளவு, 1 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. சூடு 50 டிகிரி அளவில் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஏதோ கடமைக்கு வேலை செய்யும். வெப்பமானி தேவையில்லை. கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் நம் ஊர்க் குழாய்நீருக்கு ஏறக்குறைய 50 டிகிரி வந்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் தூளை முதலில் கரைத்துவிட்டுத் துணியைப் போடவும். ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் போதும். அதற்குமேல் அந்தத் தண்ணீரில் சக்தி மிஞ்சியிருக்காது. இரவு முழுக்க ஊறவைப்பதைவிட இரண்டு தடவை புதிதாகக் கலப்பது மேல்.

தூளின் குறை, நம் ஊரின் ஈரக்காற்று. பொட்டலத்தைப் பிரித்து அடுப்படியில் வைத்தால் சில மாதத்தில் கட்டிபிடித்து வலுவிழக்கிறது. அரைக்கிலோவுக்குமேல் வாங்கிவைக்காமல், உலர்ந்த டப்பாவில், உலர்ந்த கரண்டியால் எடுப்பது நல்லது. சந்தேகம் வந்தால் அரைக் கோப்பைச் சுடுநீரில் ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள்: நுரைத்துக் குமிழி வந்தால் உயிர் இருக்கிறது. கரைத்த தண்ணீரைத் தெளிப்புப் புட்டியில் அடைத்துவைப்பது ஆபத்து, உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும்.

மஞ்சள் கறைதான் இந்தத் தூளின் உண்மையான பரீட்சை. அதற்குமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும்: மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் அது இரத்தச் சிவப்பாக மாறும். துணி பாழானது என்று பயந்து பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மீண்டும் மஞ்சளாகும், அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆகவே முதலில் ஆல்கஹாலால் ஒற்றி எடுக்க முடிந்ததை எடுக்கவும். அப்போது சாமி விளக்கும் அடுப்பும் பக்கத்தில் எரியக்கூடாது. அடுத்து பாத்திர சோப்பு, அலசல், பெர்கார்பனேட்டில் ஒரு மணி நேரம். கடைசியில் ஈரத்தோடு வெயிலில் போட வேண்டும், ஏனென்றால் குர்குமினை ஒளியும் உடைக்கும். சாயங்கால மழைக்குமுன், காலை வெயிலில் இரண்டு மூன்று நாள் நனைத்து நனைத்துப் போட்டால், தூளுக்கு மிஞ்சிய வெளிர்மஞ்சளும் வெள்ளை வேட்டியிலிருந்து போய்விடுகிறது. நிறத்துணிக்கு இந்த வெயில் வைத்தியம் வேண்டாம், துணியின் சாயமும் சேர்ந்து வெளிறும்.

குங்குமம் சிந்தினால் தண்ணீர் தொடவே கூடாது. உதறி, ஒட்டுநாடாவால் ஒற்றி, தூளாக இருக்கும்போதே முடிந்தவரை எடுத்துவிட வேண்டும். எந்தக் குங்குமம் என்பதைச் சிந்திய தூளில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் தெரிந்துகொள்ளலாம். சிவப்பு மஞ்சளானால் அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய முறைக் குங்குமம். மஞ்சள் கறைக்கான வழியே போதும். நிறம் மாறாமல் சிவப்பாகவே பரவினால் செயற்கைச் சாயம். அதற்கு ஆல்கஹால் ஒற்றல், வெள்ளைப் பருத்தியானால் பெர்கார்பனேட், இரண்டு மூன்று சுற்று. சந்தனத்தைக் காயவிட்டுத் தட்டி உதறினாலே பெரும்பகுதி போகும். மிஞ்சும் மஞ்சள் பெரும்பாலும் அதில் கலந்த சாயம்.

பட்டுக்கு மேலே சொன்ன பெர்கார்பனேட் எதுவும் பொருந்தாது. பட்டு புரதம், காரமும் சூடும் அதை நலிவுறச் செய்யும், மினுக்கம் போய்விடும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை உள்மடிப்பில் சோதித்துவிட்டு ஒற்றலாம், அதுவும் வெளிர்நிறப் பட்டில் மட்டும். சரிகைப் பக்கம் எலுமிச்சை, வினிகர், வெளுப்பான் எதுவும் போகக்கூடாது, கறுத்துவிடும். பட்டில் மருதாணி பட்டால் நிலைமை கடினம். உள்ளங்கைத் தோலில் பற்றுவதுபோலவே அது பட்டுப் புரதத்திலும் பற்றிவிடும். ஐந்து பத்து நிமிடத்துக்குள் வழித்துக் குளிர்நீரில் கழுவினால் உண்டு. பருத்தியில் அவ்வளவு பிடிப்பில்லை, பெர்கார்பனேட் சில சுற்றில் வெளுக்கவைக்கும்.

சன்ஸ்கிரீன் கறையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் நிற்பவர்களின் சட்டைக் காலரில் துவைத்த பிறகுதான் ஆரஞ்சுத் திட்டு தோன்றும். பல சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள் தண்ணீரின் இரும்போடு சேர்ந்து இந்த நிறத்தைக் கொடுக்கிறது. கிணற்றுநீர், ஆழ்குழாய்நீர், தண்ணீர்த் தடை முடிந்து முதலில் வரும் செந்நிறத் தண்ணீர் இவற்றில் துவைத்தால் வர வாய்ப்பு அதிகம். திட்டைக் கண்டதும் குளோரின் வெளுப்பான் ஊற்றுவார்கள், அது இன்னும் கருக்கும். சரியான வழி: முதலில் உலர் துணியில் பாத்திர சோப்பு, அலசல், பிறகு 1 லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம். இரும்பை அமிலம் பிடித்து வெளியே கொண்டுவரும். அக்குளின் டியோடரன்ட் மஞ்சளுக்கும் இதே சிட்ரிக் ஊறல்தான் முதல் படி. நன்றாக அலசிவிட்டுத் தனியாகப் பெர்கார்பனேட். இரண்டையும் ஒரே வாளியில் போட்டால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். குளோரின் வெளுப்பானோடு சிட்ரிக்கோ வினிகரோ சேர்ந்தால் நச்சுவாயு வரும், காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

நெயில் பாலிஷுக்கு அசிட்டோன், பின்பக்கத்திலிருந்து ஒற்றவும். ரவிக்கையின் மினுங்கும் உள்துணி அசிட்டேட்டாக இருந்தால் ஓட்டை விழும். பிளாஸ்டிக் கல், மணி வேலைப்பாடும் உருகும். ஒட்டுப்பொட்டின் பசைக்கு ஆல்கஹால் போதும்.

சோபா, மெத்தை இவற்றில் கறையைவிடத் தண்ணீர் வளையம்தான் பெரிய தொல்லை. ஒரு தேக்கரண்டி பாத்திர சோப்பை ஒரு கோப்பைத் தண்ணீரில் அடித்து, மேலேயுள்ள நுரையை மட்டும் எடுத்துப் பூசவும். ஈரத்துணியால் ஒற்றும்போது கறைக்கு வெளியேயும் ஒரு சாண் அளவு லேசாக நனைத்து, விசிறி வைத்து உடனே உலர்த்தினால் வளையம் விழாது. பஞ்சுக்குள் ஈரம் போனால் இந்தப் பருவநிலையில் பூஞ்சை பிடித்துவிடும்.

சமையல் சோடாவையும் எலுமிச்சையையும் சேர்த்துப் போடும் முறையை விட்டுவிடலாம். பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் இருக்கும், ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டுக் கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும். பற்பசை தேய்த்தால் துணியின் மேற்பரப்பு உராய்ந்து வெளிறும், கறை தங்கும்.

முடிச்சாயம் பட்டால் அந்த நிமிடமே குளிர்நீர்க் குழாயடியில் பிடிக்க வேண்டும். காற்றுப்பட்டு நூலுக்குள்ளேயே நிறம் முற்றிவிடும் வகை அது. அரை மணி நேரம் கழிந்தால் வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான் வழி, அதுவும் குளோரின் வெளுப்பானில். நிறத்துண்டில் தோன்றும் வெளிறிய ஆரஞ்சுத் திட்டு சில சமயம் கறையே அல்ல. முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு துண்டின் சாயத்தையே எடுத்துவிட்டிருக்கும். எதைப் போட்டாலும் போன நிறம் திரும்பாது. அந்தக் களிம்பைப் பயன்படுத்துபவருக்கு வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.